பென்குயின் நடந்த நிலமும் முகமாலை மணலும்

ஏ-9 வீதியில் ஆனையிறவைத் தாண்டி வடக்கே போனால் இயக்கச்சி, பளை, அடுத்தது முகமாலை. 2002 முதல் 2006 ஆகஸ்ட் வரை அந்தப் பெயருக்குச் சோதனைச் சாவடி என்ற ஒரே பொருள்தான் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, பொதிகளைச் சுமந்து, ஒரு பக்கம் புலிகளிடமும் மறுபக்கம் படையினரிடமும் அடையாளம் காட்டி, நடுவில் கிடந்த சூனியப் பிரதேசத்தைக் கடந்தவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. இப்போது அங்கே பஸ் நின்று போவதற்குக் காரணமில்லை. யன்னலுக்கு வெளியே தலையறுந்த பனைகளும் அவற்றின் காலடியில் எழும்பிய வடலிகளும் ஓடி மறைகின்றன. இடையிடையே மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை ஒன்று தெரியும். அதை வாசித்து முடிக்கும் முன்பே கிளாலிச் சந்தி வந்துவிடும்.

புவியியல்படி இந்த இடம் குடாநாட்டின் கழுத்து. நிர்வாகப்படி கிளிநொச்சி மாவட்டம், பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலகப் பிரிவு. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் விழுந்த பிறகு 2009 சனவரி வரை முன்னரங்கு பெரும்பாலும் இந்தக் கழுத்தின் குறுக்கேதான் கிடந்தது. மேற்கே கிளாலி, நடுவே முகமாலை, கிழக்கே நாகர்கோவில். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் போர் மண்ணை என்ன செய்யும்? இரு தரப்பும் மண் அணை கட்டும். அணைக்கு முன்னால் மிதிவெடி விதைக்கும். சண்டை ஒன்றில் அணை கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தால் புதிதாக ஒரு வரிசை விழும். பழைய வரிசையைக் கிளப்ப எவருக்கும் நேரமில்லை. முகமாலை உலகின் மிக நெருக்கமான மிதிவெடி வயல்களில் ஒன்றானது இப்படித்தான்.

இனி, பூமியின் மறுகோடிக்கு. தென் அத்திலாந்திக்கில் போக்லண்ட் தீவுகள். ஆட்தொகை மூவாயிரத்துச் சொச்சம். செம்மறிகள் அதைவிடப் பல மடங்கு. 1982இல் ஆர்ஜென்டீனாவும் பிரித்தானியாவும் 74 நாள் சண்டை பிடித்தபோது அங்கே இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வெடிகள் புதைக்கப்பட்டன. போர் முடிந்ததும் வேலி அடித்து, பலகை மாட்டி, அப்படியே விட்டுவிட்டார்கள். மனிதர் போகாத அந்தக் கடற்கரைகளைப் பென்குயின்கள் எடுத்துக்கொண்டன. மிதிவெடியை அமுக்கும் எடை அந்தப் பறவைகளுக்கு இல்லை. ஆகவே வெடிகளின் மேலேயே நடந்து, முட்டையிட்டு, குஞ்சு பொரித்துப் பல தலைமுறை கண்டன. பொதுமக்களில் ஒருவர்கூட அந்த வெடிகளால் இறக்கவில்லை. அகற்றத்தான் வேண்டுமா என்றுகூட அங்கே பேச்சிருந்தது. ஆனாலும் மிதிவெடித் தடை ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று 2009இல் வேலை தொடங்கியது. 2020 நவம்பரில் கடைசி வெடியைக் கடற்கரையில் வெடிக்க வைத்து, தீவுவாசிகள் அந்த மணலில் ஓடிக் கொண்டாடினார்கள்.

முழங்காலில் நின்று அந்த வெடிகளைக் கிளப்பியவர்கள் யார்? பெரும்பாலும் சிம்பாப்வே நாட்டவர். அவர்களுடைய சொந்த நாட்டின் எல்லையில் 1970களின் பிற்பகுதியில் ரொடீசியப் படைகள் விதைத்த மிதிவெடிகள் அப்போதும் மண்ணுக்குள் இருந்தன; அங்கே மாடுகளும் மனிதர்களும் கால் இழந்துகொண்டிருந்தார்கள். ஆள் சாகாத தீவைத் துப்புரவாக்க, ஆள் சாகும் நாட்டிலிருந்து கைகள் போயின. ஒரே வெடிபொருள் நாட்டுக்கு நாடு எப்படி வேறு விதி பெறுகிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சாட்சி கிடைப்பது கடினம்.

இந்தக் கட்டுரையின் கேள்வியும் அதுவே. மிதிவெடி எங்கும் ஒன்றுதான்: உள்ளங்கை அளவு பிளாஸ்டிக், அதற்குள் சில பத்துக் கிராம் வெடிமருந்து. செய்ய ஒரு சில டொலர். எடுக்க அதைப் போல நூறு மடங்கு. அப்படியிருக்க ஒரு நாட்டில் பத்து ஆண்டில் வேலை முடிகிறது, இன்னொன்றில் நூறு ஆண்டாகியும் முடிவதில்லை. ஏன்?

பணம்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். பெல்ஜியம் அந்த விடையைக் குழப்பிவிடுகிறது. உலகின் பணக்கார நாடுகளில் ஒன்று. அதன் மேற்கு மூலையில், ஈப்பர் நகரைச் சுற்றிய வயல்களில், முதலாம் உலகப் போரின் எறிகணைகள் இன்றைக்கும் கலப்பையில் தட்டுப்படுகின்றன. உழவர்கள் அதற்கு 'இரும்பு அறுவடை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வயலில் அகப்பட்டதை எடுத்து வந்து வீதியோரம் மின்கம்பத்தின் அடியில் வைத்துவிடுவார்கள். படையினரின் வாகனம் வந்து ஏற்றிப் போகும். நம்மூரில் குப்பை வண்டிக்குக் குப்பை வைப்பது போல. இடையிடையே அவற்றுள் நச்சுவாயுக் குண்டுகளும் இருக்கும். நூறு ஆண்டு கடந்தும் அந்த வண்டி நிற்கவில்லை.

பக்கத்து பிரான்ஸ் வேறு வழி பிடித்தது. 1916இல் பத்து மாதம் சண்டை நடந்த வெர்டன் பகுதியை அரசாங்கம் 'சிவப்பு வலயம்' என்று குறித்து, காணிகளை வாங்கி, காடு நட்டது. ஒன்பது கிராமங்கள் 'பிரான்சுக்காக இறந்தவை' என்று அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஆறு திரும்ப எழவேயில்லை. ஆனாலும் ஆளில்லாத அந்தக் கிராமங்களுக்கு இன்றும் நகரபிதா நியமிக்கப்படுகிறார். வாக்காளர் இல்லாத ஊருக்கு ஒரு தலைவர். வன்னியில் நேர்ந்தது இதற்கு நேரெதிர்: ஆட்கள் இருந்தார்கள், உறுதி இருந்தது, காணிக்குள் கால் வைக்க முடியவில்லை.

ஜெர்மனியில் வாழும் நம்மவர்கள் இன்னொரு காட்சியை அறிவார்கள். 2017 ஆகஸ்ட் கடைசியில் பிராங்பேர்ட் நகரில் கட்டட வேலைக்குத் தோண்டிய இடத்தில் இரண்டாம் உலகப் போரின் பிரித்தானியக் குண்டு ஒன்று கிடைத்தது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஏறத்தாழ 60,000 பேரை, வைத்தியசாலை நோயாளர்கள் உட்பட, வீட்டை விட்டு எழுப்பினார்கள். குண்டு செயலிழந்தது, இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த ஒருவர் இந்தச் செய்தியைப் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? 2009இல் வன்னியிலிருந்து வெளியேறிய கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேரில் பலருக்குச் சொல்லப்பட்ட காரணமும் வெடிபொருள்தான்: இன்னும் அகற்றி முடியவில்லை, பொறுங்கள். முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. கடைசியாக வெளியே வந்தவர்களில் முல்லைத்தீவு மாவட்டக் கேப்பாப்புலவு மக்களும் இருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தது சொந்தக் காணிக்கு அல்ல, சீனியாமோட்டைக்கு. அவர்களுடைய நிலம் படை முகாமுக்குள் இருந்தது. 2017இல் அந்த முகாம் வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடியவர்களின் கோரிக்கைக்கும் மிதிவெடிக்கும் சம்பந்தமில்லை. வெடி எடுத்த காணி உடனே உரியவர் கைக்கு வந்துவிடும் என்று எண்ணுவது பிசகு.

அடுத்து லாவோஸ். அமெரிக்கா 1964க்கும் 1973க்கும் இடையில் அந்தச் சிறிய நாட்டின் மீது இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் குண்டு போட்டது. கொத்துக்குண்டுகளின் உள்ளே இருந்த சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. அவற்றில் மூன்றிலொன்று வெடிக்காமல் தங்கியது என்பது வழக்கமான கணக்கு. ஊரார் அந்தச் சிறு குண்டுகளை 'பொம்பி' என்கிறார்கள். சியெங் குவாங் மாகாணத்தின் நாப்பியா கிராமத்தில் போர்க்கால அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்த்து விற்கிறார்கள். ஏழைக்குக் குண்டும் ஒரு மூலப்பொருள்.

இந்த இடத்தில் வன்னிக்காரருக்குச் சிரிப்பு வராது. போர் முடிந்த முதல் ஆண்டுகளில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பழைய இரும்புக்கு நல்ல விலை இருந்தது. புதுக்குடியிருப்புப் பக்கம் வீதி நெடுக எரிந்த வாகனங்களும் செல் கோதுகளும் குவிந்து கிடந்தன. தொழில் இல்லை, தோட்டம் இல்லை, கிணறு இறைக்க மெசின் இல்லை. இரும்பு பொறுக்கப் போனவர்கள் சிலர் வெடிக்காமல் கிடந்ததைத் தட்டிப் பார்த்துக் கையையும் கண்ணையும் இழந்தார்கள். பெல்ஜிய உழவர் குண்டை மின்கம்பத்தடியில் வைக்கிறார். லாவோஸ் சிறுவன் அதை உடைத்து விற்கிறான். இருவருக்கும் நடுவே உள்ள வேறுபாட்டுக்கு அறியாமை என்று பெயர் வைப்பவர்கள் பசியை மறந்தவர்கள்.

சரி, முடித்துக் காட்டிய ஏழை நாடு இல்லையா? இருக்கிறது. மொசாம்பிக். 1992இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது உலகின் மிக மோசமான மிதிவெடி நாடுகளின் பட்டியலில் அது இருந்தது. பாலங்கள், மின்கம்பங்கள், நீர்த்தாங்கிகள், பள்ளிக்கூடம் போகும் ஒற்றையடிப் பாதைகள் எல்லாவற்றையும் சுற்றி வெடி. 2015 செப்டெம்பர் 17இல் அந்த நாடு 'மிதிவெடி அற்றது' என்று அறிவித்தது. அவர்கள் செய்தது புத்திசாலித்தனமான ஒரு காரியம்: மாவட்டம் மாவட்டமாக, கிராமம் கிராமமாகக் கேட்டு, எங்கே உண்மையில் வெடி உண்டு, எங்கே வெறும் பயம் என்று பிரித்து, பயத்தை முதலில் வரைபடத்திலிருந்து நீக்கினார்கள். இன்னொன்று எலி. தான்சானியாவில் பழக்கப்பட்ட ஆப்பிரிக்கப் பெரிய பையெலிகள் வெடிமருந்தை மூக்கால் பிடித்து மண்ணைச் சுரண்டிக் காட்டும். ஆளுக்குப் பல நாள் பிடிக்கும் நிலத்தை அவை அரை மணிக்குள் முகர்ந்து முடிக்கும். பென்குயின் போலவே அவற்றின் எடைக்கும் வெடி அசையாது. கம்போடியாவில் வேலை செய்த மகாவா என்ற எலிக்கு 2020இல் பிரித்தானிய விலங்கு நல அமைப்பொன்று தங்கப் பதக்கம் கொடுத்தது. அது கண்டுபிடித்த வெடிபொருள்கள் நூற்றுக்கு மேல்.

கம்போடியா இன்னும் முடிக்கவில்லை. 1979க்குப் பிறகு அங்கே மிதிவெடியாலும் வெடிக்காத குண்டுகளாலும் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் இறந்திருக்கிறார்கள். 2025இல் தாய்லாந்து எல்லையில் மறுபடி சண்டை மூண்டபோது தாய்லாந்துப் படையினர் சிலர் மிதிவெடியில் கால் இழந்தனர். அவை புதிதாகப் புதைத்தவை என்று தாய்லாந்து சொல்ல, கம்போடியா மறுத்தது. ஒரு பக்கம் கிளப்பிக்கொண்டிருக்க, மறுபக்கம் விதைப்பதாகக் குற்றச்சாட்டு. அந்த அச்சம் வன்னிக்கு இல்லை என்பது இந்தக் கதையில் நமக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்.

இப்போது மறுபடி முகமாலைக்கு வருவோம். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். வெயில் ஏறுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். கனத்த பாதுகாப்பு அங்கி, முகத்தை மூடும் கண்ணாடிக் கவசம். முன்னால் ஒரு மீற்றர் அகலத்துக்கு ஓர் ஒழுங்கை. இரு கரையிலும் தடிகள் நட்டிருக்கும். சிவப்புத் தலை என்றால் இன்னும் பார்க்காத மண், வெள்ளை என்றால் பார்த்து முடித்த மண். அந்த மணலில் பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. இரும்பு தேடும் கருவி இங்கே பாதி ஊமை. இராணுவம் புதைத்த பாகிஸ்தான் தயாரிப்பான பி-4, சீனத் தயாரிப்பான ரைப்-72 இரண்டிலும் உலோகம் மிகக் கொஞ்சம். சண்டை நடந்த நிலம் என்பதால் செல் துண்டும் ரவைக் கோதும் எங்கும் சிதறிக் கிடக்க, கருவி ஓயாமல் கத்தும். கத்த வேண்டிய இடத்தில் மௌனமாக இருந்துவிடும். புலிகள் தாங்களே செய்த ரங்கன்-99, ஜொனி போன்றவற்றின் சங்கதி இன்னொரு விதம்: ஒழுங்கான வரிசையில் அகப்படா, வெடிமருந்தும் அதிகம்.

ஆகவே இலங்கையின் வடக்கில் ஒரு நாட்டுப்புற வழி உருவானது. நீண்ட பிடி போட்ட, பற்கள் உள்ள வாரியால் மண்ணைத் தன் பக்கமாக மெல்ல மெல்ல வாரி இழுத்து, ஒவ்வொரு படையாகக் கீழே போவது. வயல் வேலை செய்த கைக்கு இது புதிதல்ல. நம் மணல் இளகியது என்பதால் இது நடக்கிறது. அங்கோலாவின் இறுகிய செம்மண்ணில் இப்படி வாரினால் வாரிதான் முறியும். வாரியின் பல்லில் பச்சைப் பிளாஸ்டிக் விளிம்பு ஒன்று தட்டுப்பட்டால், கை நிற்கும். குறி வைத்துப் பின்வாங்கிப் பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும். கிடைத்ததைப் பிறகு பாதுகாப்பாக அழிப்பார்கள். ஒரு நாளில் ஒருவர் முடிப்பது சில சதுர மீற்றர், மழைக்காலத்தில் அதுவுமில்லை.

இந்த வாரிகளைப் பிடித்திருப்பவர்களில் கணிசமானோர் பெண்கள். கணவனைப் போரில் இழந்தவர்கள், காணாமல் போனவரைத் தேடிக் களைத்தவர்கள், குடும்பத்தில் உழைக்க வேறு ஆளில்லாதவர்கள். போக்லண்டுக்கு வேலையாள் எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்தார். முகமாலையில் பலர் சைக்கிளில் வருகிறார்கள். ஹலோ ட்ரஸ்ட், மக் போன்ற சர்வதேச நிறுவனங்களும், டாஸ், சார்ப் என்ற உள்ளூர் நிறுவனங்களும், இராணுவத்தின் பிரிவும் இந்த வேலையைச் செய்கின்றன; போர் முடிந்த முதல் ஆண்டுகளில் ஓய்வுபெற்ற இந்தியப் படையினரின் ஹொரைசன், சர்வத்ரா அணிகளும் வன்னியில் நின்றன. சம்பளம் பெரும்பாலும் அமெரிக்கா, ஜப்பான், பிரித்தானியா, நோர்வே போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. 2025 சனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை 90 நாள் நிறுத்தி வைத்தபோது உலகெங்கும் மிதிவெடி அணிகள் தடுமாறின. வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து எங்கோ ஒரு வயலில் வாரியை நிறுத்துகிறது. இதற்கு மாற்று, செலவைக் கொழும்பு தன் வரவுசெலவுத் திட்டத்தில் ஏற்பது. அதைப்பற்றிய பேச்சு போதாது.

கால் போனவர்களின் கணக்கிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடுதான். மேற்கு நாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துப் போட்டு நடைபாதையில் நடப்பவருக்காகச் செய்யப்பட்டது. சப்பாத்து இல்லாமல், வரம்பில் சறுக்கி, சேற்றில் இறங்கி, திண்ணையில் சப்பணம் கட்டி உட்காரும் ஒருவருக்கு அது சுமை. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற வைத்தியரும் சேர்ந்து செய்த றப்பர்க் கால் இந்தச் சுமையை இறக்கியது. தண்ணீருக்கு அஞ்சாது, வெறுங்காலாக நடக்கலாம், குந்தி இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் தொடங்கியது. வன்னியிலிருந்து ஊன்றுதடியோடு போய்க் காலோடு திரும்பியவர்கள் ஏராளம். வளரும் பிள்ளைக்கு மட்டும் சில மாதத்துக்கு ஒருமுறை கால் மாற்ற வேண்டும். எலும்பு வளரும், றப்பர் வளராது.

ஒப்பந்தங்களின் உலகில் இதைவிட விசித்திரமான தலைகீழ் மாற்றம் நடந்திருக்கிறது. மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தம் 1997 டிசெம்பரில் கையெழுத்தானது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் இன்றுவரை வெளியே. இலங்கை இருபது ஆண்டு தயங்கி 2017 டிசெம்பரில் சேர்ந்தது. கையிருப்பில் இருந்த வெடிகளையும் அழித்தது. பின்லாந்து 2012இல் சேர்ந்து, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வெடிகளை அழித்த நாடு. உக்ரேன் போரைப் பார்த்துப் பயந்து, 2025இல் பின்லாந்தும் எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா, போலந்தும் அதே ஒப்பந்தத்தை விட்டு விலகத் தீர்மானித்தன. கால் நூற்றாண்டுக்கு மேல் சண்டை பிடித்த நாடு ஆயுதத்தைக் கைவிட, எண்பது ஆண்டு சமாதானமாக இருந்த நாடு அதை மறுபடி கேட்கிறது. அவர்களின் பயம் பொய்யல்ல. பக்கத்தில் இருப்பது ரஷ்யா. ஆனால் பயந்தவர் விதைத்ததைப் பயம் தீர்ந்த பின் யார் கிளப்புவது என்ற கேள்விக்கு முகமாலையில் ஒரு நாள் நின்று பார்த்தால் விடை தெரியும்.

இத்தனையையும் அடுக்கிப் பார்த்தால், வெடியின் எண்ணிக்கையோ நாட்டின் பணமோ மட்டும் காலத்தைத் தீர்மானிப்பதாகத் தெரியவில்லை. அந்த நிலம் யாருக்கு வேண்டும் என்பதே பெரிய காரணம். வெர்டன் பிரான்சுக்கு வேண்டியதில்லை, காடாயிற்று. கொரியாவின் நடுவே 250 கிலோமீற்றர் நீளம் கிடக்கும் படையற்ற வலயத்தை இரு அரசுகளுக்கும் அப்படியே வைத்திருப்பது வசதி, கொக்குகள் வாழ்கின்றன. மொசாம்பிக்கின் உழவருக்கு நிலம் வேண்டியிருந்தது, முடிந்தது. வன்னியில் குளத்துக்குக் கீழே வயலும் மேட்டில் கச்சானும் இல்லாமல் சீவியம் இல்லை. அதனால்தான் பலகைக்கு அப்பால் ஓரடி திறந்தாலும் அடுத்த போகத்தில் அங்கே பயிர் நிற்கிறது. ஆளில்லாத ஆண்டுகளில் காடு பற்றிய காணிகளில் வன இலாகா எல்லைக்கல் நாட்டியதும் இதே வன்னியில்தான். வெர்டனின் வழியை வன்னிக்காரர் கேட்கவில்லை.

மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் மிதிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டது. வடக்குக்கு ஒப்பந்தம் குறித்த கெடு 2028 யூன் 1. அந்த நாள் வந்தாலும் மண்ணுக்குள் ஒன்றிரண்டு தங்கும். பெல்ஜியம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஊர்க் காணியைத் துப்புரவாக்குகிறவர்களும், விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழைய வளவைக் காட்டப் போகிறவர்களும் ஒன்றைச் செய்யுங்கள். மண் அணை, இடிந்த பங்கர், ஆள் நடமாடாத பற்றைப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். பச்சையோ கபிலமோ ஒரு பிளாஸ்டிக் மூடி மண்ணில் தெரிந்தால் தொடவேண்டாம், கல் எறிய வேண்டாம், குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் வேண்டாம். வந்த தடத்திலேயே திரும்பி, கிராம அலுவலரிடமோ பொலிஸிடமோ இடத்தைச் சொல்லுங்கள்.